பனித்திட்டார் செய்த பட்டணப் பிரவேசம்

உல்லாசப் பிரயாணம் என்றால் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டே அர்த்தந்தான் உண்டு. பணம் படைத்தவர்கள் ஆகாய விமானத்தில் ஏறித் தூர தேசம் போய் வருவது ஒன்று. பணம் இல்லாதவர்கள் அந்தக் கதையைப் படித்துப் பெருமூச்சு விடுவது மற்றொன்று. மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டென்பதை நாம் சென்ற கோடை விடுமுறையில்தான் அறிந்துகொண்டோம். அதை நமக்குக் கற்பித்தவர்கள் பெரிய யாத்திரிகர்கள் அல்லர். பனித்திட்டு என்னும் சிறு கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுடைய தாத்தா ஆயாமார்களுமே.

பனித்திட்டு, புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க் கொம்யூனில் வங்கக் கடலின் ஓரமாக இருக்கிறது. கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கத்தில் இறங்கிக் கிழக்கு முகமாகச் சென்றால், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் அலையோசை கேட்கும். படகும் வலையும் மீன் கூடையுமே கரையோரத்துக் குடும்பங்களின் ஆஸ்தி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கும் உபாத்தியாயத் தொழில் நம்முடையது.

படத்தில் கண்ட நகரம்

தென் அமெரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனீரோ நகரத்தின் பெரிய வர்ணப் படம் ஒன்றை வகுப்பிலே மாட்டினோம். படத்தைக் கண்டதும் பிள்ளைகள் பெஞ்சியின் மீது ஏறி நின்றார்கள். கடலுக்குள்ளிருந்து நேரே எழும்பி நிற்கும் பாறைக் குன்று. வேறொரு மலையின் உச்சியில் இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் இயேசு பெருமானின் சிலை. கீழே பிறைச்சந்திரனைப் போல் வளைந்து கிடக்கும் கோபகபானா என்னும் மணற்கரை. கரையை ஒட்டிய நடைபாதையில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் பதித்து அலை அலையாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிலை 1931ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது என்றும், பீடத்தை நீக்கி அதன் உயரம் 30 மீட்டர் என்றும், கடற்கரையின் நீளம் சுமார் 4 கிலோமீட்டர் என்றும் நாம் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு போனோம். அந்நகரத்து ஜனங்கள் மாலை வேளையில் மணலில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதையும், வருஷத்திற்கொரு முறை வரும் கார்னிவல் திருவிழாவில் தெருத் தெருவாக மேளம் கொட்டி ஆடுவதையும் வர்ணித்தோம்.

வர்ணனை முடிந்ததும், கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"சார், அந்த ஊர்க் கடல்லே மீன் பிடிக்கிறவங்க இல்லையா? கரையிலே ஒரு வலைகூடக் காணோமே!"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயரத்தையும் நீளத்தையும் மனப்பாடம் செய்த நாம் இதை யோசித்ததில்லை. வீட்டுக்குச் சென்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் பதில் சொன்னோம். இருக்கிறார்கள். அதே கோபகபானாக் கரையின் ஒரு கோடியில், பழைய கோட்டைக்கு அருகே, செம்படவர்களின் குடியிருப்புச் சங்கம் ஒன்று உண்டு. வானளாவிய மாளிகைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் எதிரிலேயே அவர்கள் படகை இழுத்து வைக்கிறார்கள், வலையை உலர்த்துகிறார்கள், மீனை விற்கிறார்கள்.

சிறுமி திருப்தியடைந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவளோ மற்றொரு கேள்வி கேட்டாள்.

"அப்போ சாயங்காலத்துலே அவங்களும் மணல்லே சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்பாங்களா, சார்?"

இந்தச் 'சும்மா' என்ற சொல்தான் நம்மை உறங்கவொட்டாமல் செய்தது. பனித்திட்டில் பிறந்து வளர்ந்த குழந்தை, மணலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கண்டதில்லை. அங்கே கரை என்பது தொழிற்சாலை. விடியுமுன் படகு தள்ளுகிறார்கள். வெயிலேறும்போது மீன் பிரிக்கிறார்கள். மற்ற நேரத்தில் கிழிந்த வலையைத் தைக்கிறார்கள். போதாக்குறைக்கு, 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தக் கரையோரத்துக் குப்பங்களைத் தாக்கிய பிறகு, வேலையில்லாமல் கடலைப் பார்ப்பதற்கே சில வீடுகளில் மனம் வருவதில்லை. நகரத்தார் காசு செலவழித்துத் தேடி வரும் கடற்காற்று, அவர்களுக்குத் தினந்தோறும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதை அனுபவிக்கும் ஓய்வுதான் கிடைக்கவில்லை.

ரியோவுக்கு அழைத்துப் போக நம்மிடம் பணமில்லை. ஆனால் நமக்கும் கடலோரத்தில் ஒரு நகரம் இருக்கிறதல்லவா? அங்கேயும் மணல் இருக்கிறது, வீதி இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது. பஸ் கட்டணம் கொடுத்தால் போதும். ஆகவே புதுச்சேரிக்கு உல்லாசப் பிரயாணம் போவதென்று தீர்மானித்தோம்.

தினம் போகிற ஊர்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்பது சர்க்கார் விதி; மீன் இனம் பெருகுவதற்காக ஏற்படுத்திய ஓய்வு இது. விசைப்படகுகளில் கூலிக்குப் போகும் ஆண்கள் அச்சமயம் வீட்டிலிருப்பார்கள். பதினான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெரியவர்கள் ஐந்து பேர் துணைக்கு வந்தார்கள். அவர்களுள் இருவரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர், வாலிபத்தில் கட்டுமரம் செலுத்திய எழுபது வயதுத் தாத்தா. மற்றொருவர், கேள்வி கேட்ட சிறுமியின் ஆயா. நாற்பது வருஷமாகப் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோய் விற்பவர்.

ஆயா முதலில் சிரித்துவிட்டார். "பாண்டிக்கா? தினம் போற ஊருக்கு எதுக்கு சார் சுற்றுலா?" என்றார்.

"கடற்கரைச் சாலை பார்த்திருக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டோம்.

சற்று யோசித்து, "அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை?" என்றார்.

மார்க்கெட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்குக் கால் மணி நேரம் நடந்தால் போதும். நாற்பது வருஷத்தில் அந்தக் கால் மணி நேரம் அவருக்கு வாய்க்கவில்லை! பஸ்ஸிலிருந்து மார்க்கெட்டுக்குக் கூடையோடு ஓட்டம். மீன் விற்றதும் மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸுக்குக் காலிக் கூடையோடு ஓட்டம். பட்டணத்தை அவர் அறிந்தது அவ்வளவுதான்.

கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். தவளக்குப்பம் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து அரியாங்குப்பம் வந்தது. அங்கே ஆற்றோரத்து அரிக்கமேட்டில் 1945ஆம் வருஷத்தில் வீலர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் மண்ணைத் தோண்டி, ரோமாபுரியோடு நமது முன்னோர் வியாபாரம் செய்ததற்குச் சான்றுகள் கண்டெடுத்த வரலாற்றைச் சொன்னோம். "அப்படியானால் தூர தேசத்தார் நம் ஊரைப் பார்க்க வந்தார்கள், நாம்தான் இன்னும் நம் ஊரைப் பார்க்கவில்லை" என்றான் ஒரு பையன். இதற்குமேல் உபாத்தியாயர் பேச என்ன இருக்கிறது?

வீதி என்னும் கச்சேரி மண்டபம்

புதுச்சேரியின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடி நகரத்தை இரண்டாக வகுக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம்; மேற்கே தமிழர் நகரம். 1954ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதியோடு அந்த ஆட்சி நடைமுறையில் முடிந்துவிட்டது. வாய்க்கால் மட்டும் இருக்கிறது.

முதலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும் மகாத்மா காந்தி வீதிக்குப் போனோம். சட்டை, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என்று நடைபாதை முழுவதும் கடைகள். விற்கிறவர்களின் குரல் ஒவ்வொன்றும் ஒரு சுருதி. ஒருவன் மேல் ஸ்தாயியில் விலை சொன்னால், எதிர்க் கடைக்காரன் கீழ் ஸ்தாயியில் அதைக் குறைக்கிறான். ஆயா இந்தச் சங்கீதத்தில் கரைகண்டவர். ஒரு பேத்திக்குப் பாவாடை வாங்க அவர் பேரம் பேசியதைக் கேட்டுக் கடைக்காரனே, "நீங்க எந்த மார்க்கெட் ஆயா?" என்று விசாரித்தான். இவ்வளவு கௌரவம் நமது பட்டத்துக்கு எக்காலத்திலும் கிடைத்ததில்லை.

வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளைப் பார்த்தோம். வாசலில் மரத் தூண்களின்மேல் ஓட்டுக் கூரை இறக்கித் தாழ்வாரம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வீட்டுக்காரருக்குத் திண்ணை. வெளியே வழிப்போக்கருக்குத் தாழ்வாரம். வெயிலில் வருகிறவன் யாராயிருந்தாலும் கேட்காமலே ஒதுங்கி நிற்கலாம். சொந்த வீட்டின் நிழலில் ஒரு பகுதியைத் தெருவுக்கென்று எழுதி வைத்த அந்த முன்னோரின் மனத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதினான்கு பேரும் அந்த நிழலில் உட்கார்ந்து முறுக்குத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். இதைவிடச் சிறந்த பாராட்டு அந்த வீடுகளுக்கு உண்டா?

ஈசுவரன் தருமராஜா கோவில் வீதியில் பாரதியார் வசித்த வீட்டின் முன்னே கைகூப்பி நின்றோம். 1908ஆம் வருஷம் முதல் 1918 வரையில் பத்து வருஷம் அம்மகாகவிக்கு அடைக்கலம் தந்தது இந்த ஊர். இங்கே அவர் பாடிய குயில் பாட்டில், ஏற்றம் இறைப்பவரின் பாட்டும் நெல் குத்தும் பெண்களின் பாட்டும் தம் நெஞ்சைப் பறிகொடுக்கச் செய்தன என்று சொல்லியிருப்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினோம். தாத்தா உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "படிச்சவர் பாட்டு எழுதினார் சரி, உழைக்கிறவன் பாட்டையும் காது கொடுத்துக் கேட்டாரா?" என்று வியப்போடு விசாரித்தார். "கேட்டார், தாத்தா" என்றோம்.

மணக்குள விநாயகர் கோவில் வாசலில் பிள்ளைகளின் முகம் சற்று வாடிற்று. வருகிறவர்களை ஆசீர்வதித்துக்கொண்டிருந்த லக்ஷ்மி என்ற யானை 2022ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி நடந்து போகையில் விழுந்து உயிர் நீத்தது. ஊரே அழுது ஊர்வலம் போன நாள் அது. பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன்காரிகளும் வேலையை விட்டு வந்து பார்த்ததாக ஆயா சொன்னார். ஒரு நகரத்தின் வீதி யாருடையது என்று கேட்டால், அதிலே நடந்து எல்லோருக்கும் சொந்தமான ஒரு ஜீவனுடைய ஞாபகமே பதில் சொல்லும்.

போன மணலும் வந்த மணலும்

வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலைத் தாண்டினோம். மஞ்சள் சுவர்கள், காகிதப் பூக்கொடிகள், பிரெஞ்சும் தமிழும் எழுதிய நீல நிறத் தெருப் பலகைகள், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஆகியவற்றைக் கடந்து திடீரென்று கடலின் முன்னே வந்து நின்றோம். சாயங்காலத்தில் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு இடமில்லை, மனிதர்களுக்கே ராஜ்யம். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் குழந்தைகள் ஓடுகிறார்கள், கிழவர்கள் உலாவுகிறார்கள், சுண்டல் விற்கிறவர்கள் கூவுகிறார்கள். 1836ஆம் வருஷத்தில் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கமும், செஞ்சிக் கற்றூண்களின் நடுவே நிற்கும் காந்தியடிகளின் சிலையும் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆயா கடலைப் பார்க்கவில்லை, மணலையே பார்த்தார். "இங்கே கல்லுதானே கொட்டிக் கிடக்கும்னு சொல்வாங்க? மணல் எப்போ வந்தது?" என்றார்.

இந்த மணலின் கதையை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 1980களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணைகள் கட்டினார்கள். அதன் பிறகு நகரத்துக் கரையின் மணல் வருஷத்துக்கு வருஷம் கரைந்து மறைந்தது. கடைசியில் அலை வந்து மோதுவதற்குக் கருங்கற்களே மிச்சமாயின. மணலே அறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

காரணத்தை நாம் கரும்பலகை பாஷையில் விளக்கத் தொடங்கினோம். தாத்தா கையமர்த்திவிட்டுக் குச்சியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். "வருஷத்துலே முக்கால்வாசி நாளும் தண்ணி தெற்கேயிருந்து வடக்கே ஓடும். மணலும் கூடவே போகும். குறுக்கே கல்லைப் போட்டா, தெற்கே மணல் தங்கும், வடக்கே போகாது. ஆனா வடக்கே அலை அரிக்கிறது மட்டும் நிக்குமா? நடந்து போற மனுஷனை மறிச்சா மாதிரிதான்" என்றார். பொறியியல் புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக இருப்பதை அவர் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். மழைக் காலத்து வடகிழக்குக் காற்றில் ஓட்டம் திரும்புவதையும், அது அவ்வளவு மணலைத் திருப்பிக் கொண்டுவராது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

போன மணல் திரும்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2018ஆம் வருஷத்தில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்குள் ஆப்பு வடிவமான பெரிய எஃகுத் திட்டு ஒன்றை அமிழ்த்தினார்கள். அலையின் வேகத்தை அது தணித்ததும், மணல் தங்கிற்று. கரையும் மெல்ல வளர்ந்தது. ஆயினும் கடலை முழுவதும் வென்றுவிட்டதாக யாரும் மார்தட்ட முடியாது. பழைய துறைமுகப் பாலம் 1952ஆம் வருஷத்துப் புயலில் அழிந்தது. அதற்குப் பின் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022ஆம் வருஷத்தில் அலையில் இடிந்து விழுந்தது.

ரியோ நகரத்தாரும் 1970ஆம் வருஷத்தையொட்டிக் கோபகபானாக் கரையில் பெருமளவில் மணலை இறைத்துக் கொட்டித்தான் அதை இன்றுள்ள அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடற்கரை என்பது கடவுள் தந்த கொடை என்று மட்டும் நினைத்திருக்கிறோம். மனிதன் கெடுத்தால் கெடும், மனிதன் காத்தால் காக்கப்படும் என்பதை இரண்டு நகரங்களும் நமக்குத் தெரிவிக்கின்றன.

"இங்கே உட்காராதீங்க!"

ஓடியாடிக் களைத்த பிள்ளைகளோடு ஒரு படிக்கட்டின் ஓரமாக உட்கார்ந்தோம். எதிரே ஒரு பெரிய விடுதி. அதன் பெயர் இங்கே வேண்டாம். சற்று நேரத்தில் அதன் காவற்காரர் வந்து, "இங்கே உட்காராதீங்க, வேறே பக்கம் போங்க" என்றார். நமது சட்டையையும் கண்ணாடியையும் அவர் பார்க்கவில்லை போலும். தாத்தாவின் கைலியையும் ஆயாவின் கூடையையும் பார்த்துத்தான் சொன்னார்.

தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தைப் பார்த்தால், வாழ்நாளில் இது முதல் தடவை அல்ல என்று தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: நாமும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டோம். வம்பு எதற்கு என்பது படித்தவர்களுக்கு நெடுநாள் பழகிப்போன வேதாந்தமல்லவா?

ஆனால் சிறுமி எழவில்லை. "சார், நீங்கதானே வகுப்பிலே சொன்னீங்க, கடற்கரை எல்லாருக்கும் பொதுன்னு?" என்றாள்.

சொன்னது உண்மைதான். பிரேஸில் தேசத்தில் 1988ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, கடற்கரைகள் ஜனங்கள் அனைவரும் பொதுவாக அனுபவிக்கும் சொத்து என்று விதித்திருக்கிறது. மாளிகையில் வசிப்பவனும் குன்றின்மேல் குடிசையில் வசிப்பவனும் ஒரே மணலில் உட்காரலாம். நமது தேசத்திலும் 1996ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆற்றங்கரை வழக்கில், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு முதலியவை ஜனங்களுக்காகச் சர்க்கார் பாதுகாக்க வேண்டிய பொது உடைமை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இவ்வளவையும் வகுப்பில் முழங்கிவிட்டு, ஒரு காவற்காரரின் கையசைப்புக்கு எழுந்து நின்றோம்!

மீண்டும் உட்கார்ந்தோம். "ஐயா, இது பொது இடம். குழந்தைகள் களைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறோம்" என்று நயமாகவே சொன்னோம். காவற்காரர் கோபிக்கவில்லை. நாலா பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "எனக்கு மட்டும் ஆசையா சார்? மேலேயிருந்து சொல்றாங்க. நானும் பாகூர்ப் பக்கந்தான்" என்றார். பிறகு தாத்தாவின் பக்கம் திரும்பி, "உட்காருங்க பெரியவரே, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். தாத்தா உட்கார்ந்தார். ஆனால் நெடுநேரம் படியின் விளிம்பிலேயே இருந்தார். உரிமை இருப்பது வேறு. அது தன்னுடையதென்று உடம்பு நம்புவது வேறு என்பதை அன்று கண்டோம்.

சம்பாவும் அம்பாவும்

இருட்டியதும் காந்தி திடல் பக்கமிருந்து வாத்திய ஓசை கேட்டது. போய் மணலில் அமர்ந்தோம். ஒரு கோஷ்டியார் குழலும் பறையுமாக முழக்கினார்கள். அப்பால் சில வாலிபர்கள் கிதார் மீட்டிச் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம், டிக்கெட் இல்லை, நாற்காலியும் இல்லை. நமது சங்கீத சபைகளில் காண முடியாத சமத்துவம் மணலில் தானாகவே வந்துவிடுகிறது.

"பிரேஸில் பாட்டும் இப்படித்தான் இருக்குமா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்நாட்டின் 'சம்பா' என்னும் பாட்டின் சரித்திரத்தைச் சொன்னோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் சந்ததியார் வளர்த்த பாட்டு அது. பிரேஸிலில் அடிமை முறை ஒழிந்தது 1888ஆம் வருஷத்தில்தான். விடுதலை பெற்ற ஏழைகள் ரியோவின் துறைமுகப் பேட்டைகளில் கூடி வாழ்ந்தார்கள். தெருவில் தின்பண்டம் விற்றுப் பிழைத்த சியாட்டா என்ற மூதாட்டியின் வீட்டில் பாடகர்கள் கூடுவார்கள். அக்காலத்தில் அந்த மேளத்தைப் போலீஸார் தொந்தரவு செய்ததும் உண்டு. கனவான்கள் முகம் சுளித்ததும் உண்டு. அந்த வீட்டுக் கூட்டத்தாரிடையே உருவான ஒரு பாட்டு 1916ஆம் வருஷத்தில் சம்பா என்ற பெயரோடு பதிவாயிற்று. 1932ஆம் வருஷத்தில் சம்பாக் குழுக்களின் ஊர்வலப் போட்டி தொடங்கியது. 1984ஆம் வருஷத்தில் அந்த ஊர்வலத்துக்கென்றே நகரத்தார் ஒரு பெரிய வீதி மண்டபத்தைக் கட்டிவிட்டார்கள். தெருவில் பலகாரம் விற்றவளின் கொல்லைப்புறத்துப் பாட்டு, இன்று ஒரு தேசத்தின் அடையாளமாய் விளங்குகிறது.

கேட்டுக்கொண்டிருந்த தாத்தா மெல்லச் சிரித்தார். "அவங்களுக்குச் சம்பா, நமக்கு அம்பா" என்றார்.

வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் செம்படவர்கள் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் திருப்பிச் சொல்லி ஒரே சமயத்தில் மூச்சை விட்டு இழுப்பார்கள். தாளம் தவறினால் வலை தவறும். ஆகையால் அது பொழுதுபோக்கு அல்ல, தொழிற் கருவி. படகுகளில் இயந்திரம் பூட்டிய பின்பு அதற்கு வேலை குறைந்துவிட்டது. தோணியை இயந்திரம் தள்ளுகிறது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டார்கள்.

"பாடுங்க தாத்தா!" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "சும்மா எப்படிப் பாடறது? இழுக்க வலை வேணுமே!" என்றார் அவர். உடனே பையன்கள் ஆயாவின் கூடைக்கயிற்றை அவிழ்த்து, ஒரு பக்கம் ஏழு பேரும் மறுபக்கம் ஏழு பேருமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தாத்தா எழுந்தார். காலை மணலில் ஊன்றினார். கடலைப் பார்த்துக் குரல் எடுத்தார். எழுபது வயதுக் குரல் அல்ல அது! கரையிலிருந்துகொண்டு நடுக்கடலில் இருப்பவனை அழைத்துப் பழகிய குரல். முதலடிக்குப் பிள்ளைகள் தடுமாறினார்கள். இரண்டாம் அடிக்கு வாங்கிச் சொன்னார்கள். நான்காவது அடிக்குள் கயிறும் மூச்சும் பாட்டும் ஒன்றாயின. கிதார் வாசித்த வாலிபர்கள் அதை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஒருவன் தன் வாத்தியத்தின் உடலில் கையால் தாளம் தட்டினான். சுண்டல் விற்ற பையன் தகரத்தில் தட்டினான். உலாவ வந்தவர்கள் வட்டமாக நின்றார்கள். சற்று முன் படியின் விளிம்பில் ஒதுங்கியிருந்த மனிதர், அந்த வட்டத்தின் நடுவே கடலுக்குச் சமமாக நின்றார்.

நாம் ஆயாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கால்களை நீட்டி மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் கூடை. முகம் கடலை நோக்கியிருந்தது. 2004ஆம் வருஷத்துக்குப் பிறகு ஆயா இப்படிக் கடலைப் பார்த்து உட்கார்ந்ததில்லை என்று சிறுமி நம் காதில் சொன்னாள். "சும்மா உட்கார்ந்திருக்காங்க, சார்!" என்றாள்.

நமது கார்னிவல்

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸுக்குள்ளே அம்பா கேட்டது. கண்டக்டர் விசில் ஊதியதுகூடத் தாளத்தோடு இருந்ததென்று பிள்ளைகள் சாதிக்கிறார்கள்.

கார்னிவல் திருவிழாவைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. மாசி மகத்தன்று எத்தனையோ ஊர்களிலிருந்து சுவாமிகள் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றனர். ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மனின் தேர் செம்படவர்களின் ஊரில் அசைந்து வருகிறது. மேளமும் மணலும் ஜனசமுத்திரமும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. திருவிழா இல்லாத சாதாரண நாளில், வேலை முடிந்த ஓர் ஏழை மனிதன், எவருடைய அனுமதியும் கேட்காமல் தன் ஊர்க் கடலின் எதிரே உட்கார்ந்து பாடும் உரிமையை நாம் இன்னும் இயல்பாக ஒப்புக்கொள்ளவில்லை. சுயராஜ்யம் என்று சொல்வதில் இந்தச் சிறு சுகமும் அடங்கியிருக்கிறது. கரையைக் காக்கக் கல்லும் எஃகும் இடுவது விஞ்ஞானிகளின் வேலை. கரையில் உட்கார்ந்தவனை எழுப்பாமலிருப்பது நம் எல்லோருடைய வேலை.

மறுவாரம் சிறுமி நம்மிடம் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தாள். வர்ணப் பென்ஸிலால் அவளே எழுதியது. கடல், கலங்கரை விளக்கம், அலை அலையான நடைபாதை எல்லாம் இருந்தன. நடைபாதைக் கோலம் மட்டும் ரியோவுக்குச் சொந்தம். மணலில் ஒரு வலையும், ஒரு கூடையும், அருகே காலை நீட்டி உட்கார்ந்த ஒரு கிழவியும் இருந்தார்கள். வகுப்பில் ரியோ நகரத்தின் படத்துக்குப் பக்கத்தில் அதையும் மாட்டியிருக்கிறோம்.